டச்பேடில் மூன்று விரல்: உங்களுக்கு நடந்தது என்ன?

பாம்பன் ஐஸ்பெட்டி

போன வருடத்துக் கதை, இன்னும் உறுத்துகிறது. அக்கா மகளுக்கு நர்சிங் விண்ணப்பம், கடைசி நாள் ராத்திரி. அண்ணன் மகன் என் லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு என்ற லினக்ஸ் போட்டுக் கொடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவள் டைப் அடிக்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து டச்பேடை ஓட்டுகிறேன். நடுவில் வாட்ஸ்அப்பில் மதுரை மீன் வியாபாரிக்கு ஒரு பதில். எனக்கு எதையும் விரலால் இழுத்து நீலமாக்கிப் படித்தால்தான் மனதில் ஏறும். அப்படிப் படித்துவிட்டு விண்ணப்பத்துக்குத் திரும்பி, எதையோ தேடலாம் என்று மூன்று விரலால் தட்டினேன். விண்டோஸில் அப்படித் தட்டினால் தேடல் பெட்டி வரும். இதில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு தட்டு.

விடிந்ததும் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தோம். அந்தப் பையன் காகிதத்தைப் பார்த்துச் சத்தமாகவே வாசித்தான். "தெரு: கணவாய் 40 கிலோ ஐஸ் பத்தாது கணவாய் 40 கிலோ ஐஸ் பத்தாது." வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் அவளைத் திட்டினேன். "போனை நோண்டிக்கிட்டே டைப் அடிச்சா இப்படித்தான்." அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள். அட்மிஷனுக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன செருப்பும் கிடையாது என்றேன்.

திருத்தி அனுப்பியாகிவிட்டது, சீட்டும் கிடைத்தது. நாலு மாதம் கழித்து என் கணக்குப் பைலுக்குள் யாரோ அனுப்பிய கல்யாண அழைப்பு வந்து உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. லினக்ஸில் மூன்று விரல் தட்டு என்றால் மவுஸின் நடு பட்டன். நீலமாக்கினதை அது அப்படியே கொண்டுவந்து ஒட்டிவிடும், காப்பி கொடுக்கவே வேண்டாம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.


கீழக்கரை காக்கா

அதுக்கு லினக்ஸைக் குறை சொல்லி என்ன பயன் தம்பி? அந்த நடு பட்டன் பழக்கம் டச்பேட் பரவுவதற்கு முந்தின காலத்து வழக்கம், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் வந்தது. வீடு மாறினால் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

என் கதை வேறு. துபாயிலிருந்து தம்பி விட்டுப்போன ஆப்பிள் லேப்டாப், இன்டெல் காலத்து மெஷின். கடைக் கணக்குக்கு டேலி வேண்டும் என்று ஆப்பிள் மெஷினில் விண்டோஸ் போட உதவும் பூட்கேம்ப் வழியாக நானே விண்டோஸ் போட்டேன். அதுவரை வாப்பா அதில்தான் பேரன் போட்டோ பார்ப்பார். இரண்டு விரலை விரித்தால் முகம் பெரிதாகும், அது ஒன்றுதான் அவருக்குத் தெரியும். விண்டோஸ் வந்த அன்று விரித்தார், பெரிதாகவில்லை. கைலியில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி விரித்தார். "ரேஷன் கடையிலயும் ரேகை விழல. இதுலயுமா?" என்றார்.

நான் கல்லாவில் இருந்தேன். சும்மா இருங்க வாப்பா என்று சொல்லிவிட்டேன்.

விண்டோஸ் அந்தப் பேடை பிரிசிஷன் டச்பேடாக, அதாவது விண்டோஸே விரல்களைக் கணக்கெடுக்கிற வகையாக, எடுத்துக்கொள்ளும்படி இலவச டிரைவர் (பேடை சிஸ்டத்துக்குப் புரியவைக்கிற சாப்ட்வேர்) ஒன்று இருக்கிறது. அப்புறம் அதைத் தேடிப் போட்டேன், விரித்தால் பெரிதானது. அதற்குள் வாப்பா லேப்டாப் கேட்பதை விட்டிருந்தார்.


லாட்ஜ் கவுண்டர், ராமேஸ்வரம்

எங்களுக்கு எந்த சிஸ்டம் என்பதெல்லாம் கணக்கே இல்லை. தண்ணீர்தான் பிரச்சினை. கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டுச் சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள். முகவரியை அவர்களே அடிக்கட்டும் என்று லேப்டாப்பைத் திருப்பி வைப்போம். ஒரு வடநாட்டு அம்மா, முந்தானையிலிருந்து இரண்டு சொட்டு டச்பேடில் விழுந்தது. யாரும் தொடவில்லை, கர்சர் தானாக ஓடுகிறது, மூலைக்குப் போகிறது, திரும்பி வருகிறது. எங்கள் பையன் மிரண்டு பின்னால் போய்விட்டான். அந்த அம்மா கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். தீர்த்தத் தண்ணீர் அல்லவா!

கர்சர் ஓடிய ஓட்டத்தில் வேறொருவருடைய புக்கிங்கை அழித்துவிட்டது. அவர்கள் ராத்திரி பதினொன்றுக்கு வந்து இறங்கினார்கள். அதை எழுதினால் நீளும்.


தொண்டி சர்வீஸ்

என் அனுபவம் சின்னது. 2016இல் ஒருவர் புது லேப்டாப்பைக் கொண்டுவந்து, பழகின விண்டோஸ் 7தான் வேண்டும் என்றார். போட ஆரம்பித்தேன், டச்பேட் செத்தது. மவுஸைச் செருகினேன், அதுவும் செத்தது. அந்த வருட மெஷின்களில் யுஎஸ்பி எல்லாம் புது வகை, 7உடன் அதன் டிரைவர் வராது. அவர் எதிரிலேயே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இனி எல்லோருக்கும் சொல்கிறேன். பழைய டச்பேட் பிஎஸ்/2 என்ற மவுஸ் இணைப்பு வழியில் பேசும், எந்த சிஸ்டத்துக்கும் குறைந்தது ஒரு மவுஸாகவாவது தெரியும். புதியவை ஐ2சி என்ற வேறு இணைப்பு வழியில் பேசுகின்றன. அதற்கு டிரைவர் இல்லையென்றால் ஒன்றுமே அசையாது, பேட் கெட்டுவிட்டது என்று பணத்தைக் கொட்டாதீர்கள். விரல் எண்ணிக்கையை முன்பு டச்பேட் கம்பெனியின் டிரைவர் பார்த்துக்கொண்டது, அதனால்தான் ஆளுக்கொரு சைகை. 2013இல் வந்த விண்டோஸ் 8.1 முதல் பிரிசிஷன் டச்பேட் என்றால் விண்டோஸே விரல்களைக் கணக்கெடுக்கிறது. செட்டிங்ஸில் டச்பேட் பக்கத்தைத் திறங்கள். மூன்று விரல், நாலு விரலுக்குத் தனித்தனியாகத் தேர்வுகள் இருந்தால் அநேகமாக அந்த வகைதான். லினக்ஸில் உபுண்டுவின் திரை முகப்பான க்னோமின் 40ஆம் பதிப்பு வந்தது 2021இல், அதிலிருந்து வேலேண்டில் (திரையைக் காட்டும் புது முறை) நுழைந்தால் மூன்று விரல் இழுப்பு தானாக வரும். எக்ஸ் என்ற பழைய முறை வழியாக நுழைந்தால் டச்செக் மாதிரி ஒரு சாப்ட்வேரைத் தனியாகப் போட வேண்டும். மாற்றுவதற்கு முன் பென் டிரைவிலிருந்து லைவாக ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் மட்டும் உள்ளே போடுங்கள். பாம்பன் தம்பி ட்வீக்ஸ் என்ற செட்டிங்ஸ் ஆப்பைத் திறந்து நடு கிளிக் பேஸ்ட்டை அணைத்துவிடலாம்.

லாட்ஜ்காரருக்கு: தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், டச்பேட் பார்ப்பது விரலால் ஏற்படும் மின் மாற்றத்தை. சொட்டும் அதற்கு ஒரு விரல் மாதிரிதான். சொட்டே இல்லாமல் கர்சர் குதித்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அநேகமாக எர்த் இல்லை, அல்லது சார்ஜரில் கோளாறு. மூன்று பின் பிளக்கின் மூன்றாவது காலை உடைத்துச் செருகுகிற ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன். நம் பக்கத்து உப்புக்காற்றுக்கு வாரம் ஒருமுறை அணைத்துவிட்டுத் துடையுங்கள், துணி ஈரமாகத் தெரியக் கூடாது. இன்னொன்று, பேட் ஒரு பக்கம் மேலே எழும்பி கிளிக் இறங்கவில்லையா? அது சிஸ்டம் இல்லை, கீழே பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தாதீர்கள். சார்ஜ் போடாமல் கொண்டுபோய்...


தேவிபட்டினம் இறுதியாண்டு

அண்ணே, டச்பேடுக்கு என்ன செய்யணும்னு இங்கே யாரும் கேட்கவே இல்லை. உங்கள் கதை அஞ்சாறு வரி, அதற்குக் கீழே ஒரு பாடப்புத்தகம். டீ குடித்தவர் என்ன சொன்னார், அதைச் சொல்லுங்கள்.

எனக்கு ஆன்லைன் நேர்காணல். திரையைப் பகிர்ந்திருந்தேன். பயத்தில் நாலு விரலும் பேடில் பதிந்து பக்கவாட்டில் போய்விட்டது. விண்டோஸில் அது அடுத்த டெஸ்க்டாப். அங்கே அம்மா பாதியில் நிறுத்தி வைத்திருந்த சீரியல், மாமியார் கையில் விளக்குமாறு. கேள்வி கேட்டவர் ஒரு நிமிடம் அதையே பார்த்தார். அப்புறம் "சரி, உங்கள் புராஜெக்ட்?" என்றார். வேலை கிடைக்கவில்லை. அந்த விளக்குமாறு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.


தொண்டி சர்வீஸ்

அவர் "தம்பி, இதுக்கும் காசு உண்டா?" என்றார். உண்டு என்றேன். தரவில்லை.


பாம்பன் ஐஸ்பெட்டி

காக்கா, நான் லினக்ஸைக் குறை சொல்லவே இல்லை. இன்னும் அதில்தான் ஓட்டுகிறேன்.

விடுமுறைக்கு வந்திருந்தாள், நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். லேப்டாப்பையும் எடுத்துவைத்து, நீலமாக்கி, மூன்று விரலால் தட்டிக் காட்டினேன். அவளே இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அப்ப அந்தச் செருப்பு, மாமா?"

இன்று கடலுக்குப் போகாத நாள். ராமநாதபுரம் பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவள் ஜன்னல் ஓரம்.