கலைச்சொல் விவாதம்: நிலத்தின் "ஓடுதகவு"

வணக்கம். வரைபடம் பார்த்து வழி கண்டு ஓடும் விளையாட்டான ஓரியண்டீரிங்கில், ஓரிடத்தில் எவ்வளவு வேகமாக ஓட நிலம் இடம் தருகிறது என்பதைக் குறிக்கும் runnability என்ற சொல்லுக்குத் தமிழ் தேடுகிறோம்.

> "ஓட்டத்திறன்" என்றே வைத்துக்கொள்ளலாமே? எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். திறன் ஓடுபவருக்கு உரியது. பயிற்சி செய்தால் கூடும். நாம் பெயர் தேடுவது நிலத்தின் இயல்புக்கு. அதே வீரர் அதே முயற்சியோடு ஓடினாலும் திறந்த காட்டில் ஒரு வேகம், புதர்க்காட்டில் இன்னொரு வேகம்.

"ஓடுதகவு" என் பரிந்துரை. ஓடுபாதை, ஓடுதளம் போல வினைத்தொகை. தகவு என்பதை விகிதத்துக்கும் வழங்குகிறோம். இங்கே அளவும் விகிதமே. பன்னாட்டு ஓரியண்டீரிங் கூட்டமைப்பின் வரைபட விதிப்படி, வெள்ளையாக விடப்பட்ட காட்டில் இயல்பு வேகத்தில் 80–100 விழுக்காடு கிடைக்கும். இளம்பச்சையில் 60–80, நடுப்பச்சையில் 20–60, அடர்பச்சையில் 20க்கும் கீழ். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் இயல்பு வேகம் என்றால், 80 விழுக்காட்டில் 6:15, 60-இல் 8:20, 20-இல் 25 நிமிடம். ஓடுதகவு 40 உள்ள புதரில் 200 மீட்டர் நேராகப் போனால் 2:30 ஆகும். 100 உள்ள காட்டில் 400 மீட்டர் சுற்றி வந்தால் 2 நிமிடம்தான்.

----

> ஏற்றமும் சதுப்பும்கூட வேகத்தைக் குறைக்கின்றன. அவையும் ஓடுதகவில் அடங்குமா?

அடங்கக் கூடாது. பச்சை நிறம் செடிகொடிகளின் தடையை மட்டும் காட்டுவது. சரிவுக்குச் சமவுயரக்கோடு, சதுப்புக்கு நீலக்கோடு, கல்தரைக்குக் கரும்புள்ளி எனத் தனித்தனிக் குறிகள் உள்ளன. செங்குத்துச் சரிவில் மூச்சுவாங்க ஏறிய வரைஞர் அந்த இடத்துக்குப் பச்சை பூசினால் ஒரே தடை இருமுறை கணக்காகிவிடும். அதே சரிவில் இறங்கி வருபவருக்கு அந்தப் பச்சை முழுப்பொய்.

எல்லாம் சேர்ந்த விளைவுக்கு "நிலத்தடை" என்று வேறு சொல் வைக்கலாம். அதில் ஏற்றத்தின் பங்குக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: மூன்று மைலுக்கு ஒரு மணி, 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதாவது ஒரு மீட்டர் ஏற்றம் ஏறக்குறைய எட்டு மீட்டர் சமதரைக்குச் சமம். மலை நடைக்கான விதி இது. ஓட்டத்தில் எளிமைக்காகப் பத்து என்றும் கொள்வதுண்டு. இறக்கத்துக்கு இப்படி ஒற்றை எண் தர இயலாது. மென்சரிவு வேகத்தைக் கூட்டும். செங்குத்தானால் ஒவ்வோர் அடியிலும் தன்னைத் தடுத்து நிறுத்தவே கால்தசை உழைக்க வேண்டியிருக்கும்.

கல்தரையின் இழப்பு இரட்டிப்பு. காலடி வீச்சு சுருங்குகிறது, கண் காலடியிலேயே இருப்பதால் வரைபடம் பார்க்கவும் நிற்க வேண்டும். இந்த இரண்டாவது இழப்பு எந்தக் குறியிலும் வராது.

----

விவாதத்தில் இன்னொருவர்: ஓடுதகவு, நிலத்தடை என்ற இரு சொல்லும் எனக்கு ஏற்பு. ஆனால் வரையறையில் அளக்கும் முறையும் இடம்பெற வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள்.

சமதரைப் பாதையில் 100 மீட்டர், காட்டுக்குள் நேர்கோட்டில் 100 மீட்டர், இரண்டையும் நாடாவால் அளந்து குறியிடுக. மரக்கூரையின் கீழ் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும்; இவ்வளவு குறுகிய தொலைவுக்கு அது உதவாது. ஒரே ஆள், ஒரே முயற்சியில், போக்கும் வரவுமாக ஓடிச் சராசரி காண்க. கையில் வரைபடம் கூடாது. இருந்தால் வழி தேடும் நேரமும் கலந்துவிடும். பாதையில் எடுத்த நேரத்தைக் காட்டில் எடுத்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓடுதகவு. 30 நொடியும் 48 நொடியும் என்றால் 62.5, இளம்பச்சை.

அளந்த பருவத்தையும் எழுதுக. தரைச்செடிகள் பட்டுக் கிடக்கும் குளிர்காலத்தில் 80 காட்டிய இடம் கோடையில் இடுப்பளவுப் புதராகியிருக்கும். வரிசையாக நட்ட மரத்தோப்பில் வரிசையோடு ஓடுவதும் குறுக்கே ஓடுவதும் வேறுபடும். அங்கே சராசரி எடுக்காமல் திசைவாரியாக இரு எண் தருக.

வெள்ளை முதல் அடர்பச்சை வரை நான்கு வகைக்கும் பெயர்: எளிதோட்டம், மெல்லோட்டம், நடை, புகலரிது. கடைசியது கடக்கவே முடியாத இடம் என்று கொள்ளப்படலாம். அதற்குத் தனிக் குறி இருப்பதால் "கடவாப்புதர்" என ஐந்தாவது சொல்லும் பட்டியலில் சேரட்டும்.