புதுப்பிப்பு: அந்த மூன்று நாள் தலைவலி என்னவென்று தெரிந்துவிட்டது

ஐந்து வாரத்துக்கு முன் காய்ச்சல், தலைவலி, வெளிச்சம் பட்டால் கண்கூச்சம், ஒற்றைத் தலைவலியாக இருக்குமோ என்று கேட்டிருந்தேன். முகவாய் நெஞ்சைத் தொடுகிறதா பார் என்றார் ஒருவர். பாதியிலேயே கழுத்து மரக்கட்டையாக நின்றுவிட்டது. அன்றிரவே அவசரப் பிரிவு.

வைரஸ் மெனிஞ்சைட்டிஸ். அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வில் அழற்சி. பாக்டீரியாவால் வருவது சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும் என்பதால், முடிவு வரும்வரை ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரைச் சோதனைக்கு எடுப்பதற்குத்தான் ரொம்பப் பயந்தேன். நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. நீர் தெளிவு, சர்க்கரை அளவும் சரி, என்டெரோவைரஸ் என்று உறுதியானது. ஆன்டிபயாடிக்கை நிறுத்தினார்கள். இதற்கெனத் தனி மருந்து இல்லை. வலி மாத்திரை, தண்ணீர், தூக்கம், அவ்வளவுதான். (ஹெர்பிஸ் வைரஸ் என்றால் வேறு மருந்து உண்டு.)

காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. அப்புறம்தான் கதை. பத்து நாளில் தேறலாம், அசதி மட்டும் பல வாரம் இழுக்கலாம் என்றார் மருத்துவர். நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கியிருக்கிறேன். இரண்டாம் வாரமே வேலைக்குப் போய், ஒரே மின்னஞ்சலை நான்கு முறை படித்தும் மண்டையில் ஏறாமல் திரும்பி வந்தேன். இப்போது அரை நாள் வேலை.

ஒன்று: கழுத்து வளைகிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள், எல்லோருக்கும் விறைக்காது. பேச்சில் குழப்பம், வலிப்பு, கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாத தடிப்பு இருந்தால் உடனே கிளம்புங்கள்.

நேற்று முகவாய் நெஞ்சைத் தொட்டது.