வெள்ளம் பார்க்க வந்த தலைவர்கள்: நேரில் கண்டவர்கள் சொல்வது

சைதாப்பேட்டை:
2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் இருந்தவர்களுக்கு 'ஸ்டிக்கர்' என்றாலே வயிறு எரியும். பேப்பரில் எல்லாம் வந்த கதைதான், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வெளியூர் காலேஜ் பசங்க ஒரு மினி லாரியில் பிரெட், பால் பவுடர், போர்வை, நாப்கின் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமே கரைவேட்டி கட்டிய நாலைந்து பேர் வண்டியை மடக்கிவிட்டார்கள். கையில் கட்டுக் கட்டாகத் தலைவர் படம். மழையில் நனைந்த பிரெட் கவரில் அது ஒட்டுவேனா என்றது. ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒவ்வொரு கவராகத் துடைத்து, ஈரம் போயிற்றா என்று தடவிப் பார்த்து ஒட்டினார். என்ன சிரத்தை! இங்கே கல்யாண மண்டபத்தில் பிள்ளைகள் பசியில் கத்துகின்றன. "அண்ணே, இது நாங்க வசூல் பண்ணி வாங்கினது" என்றான் ஒரு பையன். "தெரியும் தம்பி. ஒட்டாம உள்ள விட்டேன்னு தெரிஞ்சா என் பதவி காலி" என்றார். அவரைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவர் பயம் முழுக்க மேலே இருப்பவர்களிடம். மண்டபத்தில் இருக்கும் எங்களிடம் அவருக்கு என்ன பயம்?

முடிச்சூர்:
எங்க ஏரியாவுக்கு ஒரு பெரிய புள்ளி வர்றார்னு காலையிலயே டீசல் பம்ப் ரெண்டு வந்து இறங்குச்சு. சரி, விடிவுகாலம் வந்துடுச்சுன்னு நெனச்சோம். அவர் மெயின் ரோட்டுலயே கணுக்கால் தண்ணியில வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்னார். "சார், இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க சார்"னு கேமராக்காரங்கதான் கூப்பிட்டாங்க. ரெண்டு தெரு தள்ளி நெஞ்சு வரைக்கும் தண்ணி, அங்க யாரும் வரல. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு மனு நீட்டினாங்க. அதை வாங்கின கையில ஏற்கெனவே ஒரு கத்தை மனு இருந்துச்சு. கார் கிளம்பினதும் பம்பையும் ஏத்திட்டாங்க. ஏம்ப்பான்னு கேட்டா, அடுத்த ஸ்பாட்டுக்குப் போகணுமாம்.

மேற்கு மாம்பலம்:
நான் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டிக்கரையும் வேட்டியையும் பேசிச் சிரிக்கிறோம், மதகைப் பற்றிப் பேசுவதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. டிசம்பர் 1 அன்று வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். முன்னமே சிறுகச் சிறுக ஏன் திறக்கவில்லை, யார் யாருடைய உத்தரவுக்குக் காத்திருந்தார்கள் என்பதுதான் அன்று ஊரே கேட்ட கேள்வி. யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை, விதிப்படிதான் நடந்தது என்று அரசுத் தரப்பு அறிக்கை விட்டது. 2018 ஜூலையில் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை (சிஏஜி) அறிக்கையோ, இது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றது. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா அப்போது உயிரோடு இல்லை. அவர் வெள்ள நேரத்தில் ஆர்.கே. நகரில் வேனில் இருந்தபடி 'வாக்காளப் பெருமக்களே' என்று விளித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. சிஏஜி அறிக்கை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

பிரதமரும் டிசம்பர் 3 அன்று வானிலிருந்து பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்ட படத்தில், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வெள்ளம் கம்ப்யூட்டரில் ஒட்டியது. ஊர் சிரித்த பிறகு அதை நீக்கினார்கள். ஒட்டுவதில் மாநிலம், மத்தி என்ற பேதமெல்லாம் கிடையாது!

வேளச்சேரி:
சும்மா எல்லாரையும் திட்டாதீங்க. 2023 மிக்ஜாம் புயல் அப்போ நாலஞ்சு நாளா கரண்ட் இல்லாம செத்தோம். ஒரு அமைச்சர் வர்றார்னு சொன்ன அன்னிக்குத்தான் லைன்மேன் வந்தார், லைட் எரிஞ்சுது. ரேஷன் கடையில டோக்கன் குடுத்து 6,000 ரூபாய் கையில வந்துச்சு. வந்ததால நடந்துச்சு இல்லையா?

சைதாப்பேட்டை:
அக்கா, அதைத்தானே சொல்கிறேன். லைன்மேனும் இருந்தார், கம்பியும் இருந்தது. அமைச்சர் வராத தெருவுக்கு எப்போ வந்தது?

வேளச்சேரி:
பக்கத்துத் தெருவுக்கு மறுநாள் சாயங்காலம். அதுவும் அவங்க ரோட்டுல உக்காந்த பிறகு. சரி, ஒத்துக்கறேன். அந்த 6,000 ரூபாய் எங்க வாஷிங் மெஷின் ரிப்பேருக்கே பத்தல, அது வேற கதை. மழைநீர் வடிகாலுக்குன்னு சொன்ன 4,000 கோடி எங்க போச்சுன்னு அமைச்சர்கிட்டயே கேட்டார் எங்க மாடி வீட்டுக்காரர். "மழை அதிகம்மா"ன்னு என்னைப் பாத்துச் சொல்லிட்டுப் போயிட்டார். கேட்டது அவர், பதில் எனக்கு!

முடிச்சூர்:
பாட்டி குடுத்த மனு என்ன ஆச்சுன்னு பிறகு தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபால்ல. அன்னிக்கு வாங்கின மனுக்கள் எத்தனை, எந்த ஆபீஸுக்குப் போச்சு, இதான் கேள்வி. கலெக்டர் ஆபீஸ், சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கு மாத்தி அனுப்பற 6(3) பிரிவுப்படி தாலுகா ஆபீஸுக்கு அனுப்பினோம்னு லெட்டர் போட்டுச்சு. தாலுகா ஆபீஸ் அதே பிரிவுல உள்ளாட்சிக்குத் தள்ளிவிட்டுச்சு. அங்கேர்ந்து வந்த பதில்ல, இது கலெக்டர் ஆபீஸ் சம்பந்தப்பட்டது, அங்க அனுப்பியிருக்கோம்னு இருந்துச்சு. பாட்டிகிட்ட மூணு லெட்டரையும் குடுத்தேன். "சீல் எல்லாம் நல்லா அழுத்திக் குத்தியிருக்கான்"னாங்க.