வரப்புப் பூட்டு: அசையாத உள்மேடுகளுக்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

பழைய அலமாரிகளிலும் உள்ளறைக் கதவுகளிலும் காணப்படும் எளிய பூட்டினுள், பொருந்தாத சாவியை மறிப்பதற்காக நிற்கும் உலோக மேடுகளுக்குக் 'காவல்' என்றும் 'தடுப்பு' என்றும் இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதலாவது 'ward' என்னும் ஆங்கிலப் பெயரின் பொருளை அப்படியே பெயர்த்தது. காவல் செய்யாத பூட்டே இல்லையாதலால் அது எந்த வகையையும் பிரித்துக் காட்டாது. 'தடுப்பு'க்கும் ஏறத்தாழ அதே குறைதான். பூட்டு இயங்கும் விதத்திலிருந்தே சொல்லை எடுக்கலாம் என்பது என் கருத்து.

இப்பூட்டில் நகர்பவை மிகச் சில: கதவு நிலைக்குள் புகுந்து மீளும் நாக்கும், அதை மேலிருந்து அழுத்தும் பட்டைவில்லும். சாவித்துளையைச் சுற்றிக் கூட்டின் தகட்டோடு ஒட்டி வளைவாக எழுந்து நிற்கும் மேடுகள் அசைவதில்லை. அவற்றுக்கு நேராகச் சாவிப்பல்லில் வெட்டுகள் இருந்தால் மட்டுமே சாவி முழுதும் சுழலும். சுழலும் பல்லின் நுனி நாக்கின் அடியிலுள்ள பள்ளத்தில் இறங்கி அதைத் தள்ள, நாக்கின் முதுகிலுள்ள இரு பள்ளங்களில் ஒன்றை விட்டு மற்றதில் வில் 'டக்'கென்று அமர்கிறது.

தரையோடு ஒட்டி எழும்பி, இடம் பெயராமல், கடக்க வேண்டியதாக நிற்பதை நாம் வயலில் வரப்பு என்கிறோம். அச்சொல்லே இங்கும் பொருந்தும். 'வரம்பு' என்றால் எல்லை, அளவு என்ற பொருள்கள் குறுக்கிடும். 'வரப்பு' என்பதில் அத்தொல்லை இல்லை. வரப்புப் பூட்டு, வரப்பு வெட்டு (வரப்புக்கு நேராகச் சாவிப்பல்லில் உள்ள வெட்டு), மூடி வரப்பு (பூட்டின் மூடித் தகட்டில் உள்ள வரப்பு) என்று கிளைச்சொற்களும் இயல்பாக வருகின்றன.

அசையாமை என்னும் பண்பை இச்சொல் ஏந்தியிருப்பது முக்கியம். வரப்புகள் சாவியை மறிக்கின்றனவே தவிர, நாக்கைப் பிடித்து வைப்பதில்லை. ஆகவே நுனியை மட்டும் விட்டுப் பல்லின் மற்றப் பகுதியை அராவிய கள்ளச்சாவி ஒன்று, பல பூட்டுகளின் வரப்புகளைத் தொடாமலே நாக்கை நகர்த்திவிடும். இக்குறையைக் களையும் முயற்சியில் ராபர்ட் பேரன் 1778-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற பூட்டில், சரியான உயரத்துக்குத் தூக்கப்பட வேண்டிய நெம்புகள் என்னும் அசையும் தகடுகள் நாக்கைப் பிடித்துக்கொண்டன. திண்டுக்கல்லின் புகழ்பெற்ற பூட்டுகளும் நெம்பு வகையே. அவற்றை வரப்புப் பூட்டு என்று அழைப்பது பிழையாகும்.

சொல் நிற்குமா என்பதைச் செய்முறைக் குறிப்பில் எழுதிப் பார்த்தேன்: "கூட்டைப் படுக்க வைத்து, வரப்புகளில் படிந்த துருவையும் பழைய மசகையும் நீக்குக. நாக்கின் நீள்துளை கூட்டின் முளையில் அமரும்படியும், தலை முகப்புத் தகட்டின் வழியே வெளிவரும்படியும் வைக்க. வில்லை அழுத்திப் பிடித்து நாக்கின் முதுகில் பொருத்துக. மூடுவதற்கு முன்பே சாவியை இட்டு இருபுறமும் திருப்பிப் பார்க்க. மூடிய பின் மட்டும் சாவி சிக்கினால், மூடி வரப்பு வளைந்திருக்கிறதா, அதற்குரிய வெட்டில் அழுக்கு அடைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க."

'நாக்கு' என்பதற்குப் பதிலாகத் 'தாழ்' என்று சிலர் கேட்கக்கூடும். கையால் இழுத்துப் போடும் தாழ்ப்பாளோடு அது குழம்பும் என்பதால் நான் தவிர்த்தேன். மாற்றுக் கருத்து இருப்பின் எழுதுங்கள்.