முட்டை இல்லாமல் பம்ப்கின் பை: செய்தவர்கள் சொல்லுங்களேன்

டொராண்டோ பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை இங்கே தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. விருந்துக்கு பம்ப்கின் பை (மாவு ஓட்டில் பரங்கிக்காய்க் கூழ் நிரப்பி ஓவனில் சுடும் இனிப்பு) என் பொறுப்பு. மாமியார் முட்டை தொடமாட்டார். வழக்கமான பையின் உள்ளே இருப்பது கஸ்டர்ட்தான், அது இறுகுவதே முட்டையால். அதற்குப் பதில் சோளமாவு போதுமா? 425 கிராம் பரங்கிக் கூழுக்கு எத்தனை ஸ்பூன்? கண்டென்ஸ்டு மில்க் ஊற்றினால் தனியாகச் சர்க்கரை வேண்டுமா?

டின்னில் வரும் கூழ் கெட்டியாக இருக்கும், தெரியும். ஆனால் கடையில் பை செய்வதற்கென்றே வரும் சின்னச் சின்ன பம்ப்கின் குவிந்து கிடக்கும்போது டின்னைத் திறக்க மனசு வரவில்லை. (ஹாலோவீனுக்குச் செதுக்கும் பெரிய காயைச் சொல்லாதீர்கள், அதில் தண்ணீரும் நாரும்தான்.) பாதியாக வெட்டி, ஓவனில் கவிழ்த்து வைத்து வேகவிட்டு, மசித்து, துணியில் வடிகட்டுவதாகத் திட்டம். ராத்திரி முழுக்க வடியணுமா, இல்லை வாணலியில் சுண்டவைத்தால் போதுமா?

அப்புறம், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. பம்ப்கின் மசாலா என்று தனி டப்பா வாங்கமாட்டேன். எது தூக்கலாக இருக்கணும் என்று மட்டும் சொல்லுங்கள். மிஞ்சும் காயைப் பற்றிக் கவலை இல்லை, புளிக்குழம்பு இருக்கவே இருக்கிறது.