கொயரில் (பாடகர் குழுவில்) பாடத் தொடங்கிய பிறகு உடம்பிலும் மனதிலும் என்ன மாறியது?

பாளையங்கோட்டை, ஆல்ட்டோ

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு சாயங்காலம் ஆனாலே எனக்குப் பயமாக இருக்கும். ராத்திரி தூக்கமும் இல்லை. சபைக் கொயரில் ஆல்ட்டோவுக்கு, அதாவது பெண்களில் தாழ்ந்த குரலுக்கு, ஆள் குறைகிறது, நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்று ஐயரம்மா (சபைப் போதகரின் மனைவி) பிடிவாதமாகக் கூப்பிட்டார்கள். ஆறுதல் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். ஆள் வேண்டும் என்றதால் போனேன்.

சோப்ரானோ, அதாவது பெண்களில் உயர்ந்த குரல், பாடுகிறவர்களுக்குத் தெரிந்த ராகம்தான். ஆல்ட்டோ அப்படி இல்லை. பக்கத்தில் அந்த ராகம் சத்தமாகப் போகும்போதே, அதற்குக் கீழே நம்முடைய சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். காது கொஞ்சம் அசந்தாலும் அவர்களோடு போய்விடுவோம். அந்த நேரத்தில் வேறு எந்த நினைப்பும் உள்ளே வராது. எனக்கு அதுதான் மருந்து. ப்ராக்டீஸ் உள்ள நாட்களில் நன்றாகத் தூங்குகிறேன். ஒரு வாரம் போகாவிட்டால் நாலு பேர் போன் செய்துவிடுவார்கள்.

கார்டிஃப் (வேல்ஸ், பிரிட்டன்), டெனர் (ஆண்களில் உயர்ந்த குரல்)

அக்கா, நீங்கள் சொன்னதையே இங்கே அளந்தும் பார்த்திருக்கிறார்கள். டெனோவஸ் என்ற புற்றுநோய் அறக்கட்டளை சவுத் வேல்ஸில் நடத்திய பாடகர் குழுக்களில் 193 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2016-இல் வெளியானது. நோயாளிகள் மட்டுமல்ல, அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும், அப்படிக் கவனித்தவரை இழந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு மணி நேரம் பாடுவதற்கு முன்னும் பின்னும் எச்சில் எடுத்துப் பார்த்ததில், மன அழுத்தத்தோடு கூடும் கார்டிசோல் என்ற ஹார்மோன் குறைந்திருந்தது. பாடாத குழுவோடு ஒப்பிடவில்லை என்பதால் பாட்டே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் துக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்துப் பார்த்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

தூத்துக்குடி, பேஸ் (ஆண்களில் தாழ்ந்த குரல்)

எனக்கு ஆஸ்துமா. நீளமான வரியை ஒரே மூச்சில் முடிக்கப் பழகியதில், மூச்சை மெதுவாக விடும் பழக்கம் வந்துவிட்டது. மாடி ஏறும்போது திணறினால் இப்போது பதறுவதில்லை. இன்ஹேலரை நிறுத்தவில்லை, யாரும் நிறுத்தாதீர்கள். இன்னொன்று: 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்கேஜிட் பகுதியில் ஒரே ஒரு கொயர் ப்ராக்டீஸில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா பரவியது, இரண்டு பேர் இறந்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துப் பாடுங்கள். சளி, காய்ச்சல் என்றால் அந்த வாரம் வர வேண்டாம். அப்புறம் அக்கா, குரல் சுமாராக இருப்பவர்களை உங்கள் சபையில் சேர்ப்பீர்களா? என் அம்மா கேட்கச் சொன்னார்கள்.

பாளையங்கோட்டை, ஆல்ட்டோ

தாராளமாக வரச் சொல்லுங்கள் தம்பி. புதிதாக வருகிறவர்களை, சுரம் தவறாத ஒருவருக்குப் பக்கத்தில் நிறுத்துவோம். முதல் மாதம் கேட்டால் போதும், தெரிந்த இடத்தில் மட்டும் பாடலாம். சனிக்கிழமை ஐந்தரைக்கு ப்ராக்டீஸ்.