ஐந்து கோப்பை, மூன்று கரண்டி

குழு: எங்கள் வீட்டுப் பெண்கள்

நான்: ஹட்டனில் ஸ்கேன் எடுத்துவிட்டு பஸ்ஸில் வருகிறேன். பீசீஓஎஸ் என்று டொக்டர் சொன்னார், சூலகத்துப் பிரச்சினையாம். நான்கு மாதமாக பீரியட்ஸ் வராததற்கு அதுதான் காரணமாம்.

பெரியம்மா: கட்டியா? ஐயோ, ஒப்பரேஷனா?

வாணி அக்கா: கட்டி இல்லை பெரியத்தை. சூலகத்தில் முட்டை முதிராமல் நின்றுபோன குட்டிப் பைகள், ஸ்கேனில் மணி கோர்த்த மாதிரித் தெரியும். இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காவிட்டால், இன்சுலின் இன்னும் கூடச் சுரக்கும். அது சூலகத்தைத் தூண்டி ஆண் ஹோர்மோனைக் கூட்டிவிடும். பருவும் தாடை முடியும் அதனால்தான்.

பெரியம்மா: கல்யாணம் முடித்தால் சரியாகிவிடும்.

நான்: பெரியம்மா 🙄

அம்மா: [பலமுறை பகிரப்பட்டது] சீன ஊசி வைத்தியம், பத்தே நாளில் குழந்தை பாக்கியம்

வாணி அக்கா: அத்தை, அதைச் சீனாவிலேயே 1,000 பெண்களிடம் சோதித்துப் பார்த்து 2017இல் முடிவு வந்தது. குழந்தை பிறப்பது கூடவில்லை. காசைச் செலவழிக்காதீர்கள்.

அம்மா: அப்போ என்னதான் செய்வது? நான் இருபது வருஷம் மலை ஏறிக் கொழுந்து எடுத்தவள். இவள் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே இருக்கிறாள். உடம்பு ஏறாதா?

மாலா அண்ணி: மாமி, நான் 46 கிலோ. எனக்கும் இதுதான். யாரிடமும் சொல்லவில்லை.

பெரியம்மா: எனக்கே தெரியாதே மாலா.

மாலா அண்ணி: தாடை முடியை எடுக்க நூல் போடுவதைப் பார்த்துச் சிரித்தீர்கள் அத்தை, அதான்.

(கொஞ்ச நேரம் யாரும் எழுதவில்லை.)

வாணி அக்கா: தர்ஷி, ஒல்லியோ குண்டோ, வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நட. இரண்டு நாள் தசைக்கு வேலை கொடு, தண்ணீர்க் குடம் தூக்கினாலும் சரிதான். எடை கூடியவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகிறது. தனி டயட் எதுவும் வேண்டாம், எதுவும் மற்றதைவிட உயர்ந்தது என்று நிரூபணமில்லை. ஆனால் உன் தேத்தண்ணிக் கணக்கைச் சொல்.

நான்: ஐந்து கோப்பை. மூன்று மூன்று கரண்டி.

வாணி அக்கா: பதினைந்து கரண்டி சீனி! இதோடு மூன்று வேளையும் கோதுமை ரொட்டியா? ஒரு வேளையாவது கௌபி, கீரை, முட்டை சாப்பிடு.

பெரியம்மா: சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி கடித்துக் குடிக்கட்டும்.

வாணி அக்கா: அதுவும் சீனிதான் பெரியத்தை 😄 இன்னொன்று, டொக்டர் தந்த மாத்திரையை விடாதே. மாதக்கணக்கில் பீரியட்ஸ் வராவிட்டால் கருப்பை உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், நடையால் மட்டும் அதைச் சமாளிக்க முடியாது. மாலா, உனக்கு மனசு சரியில்லை என்றால் கிளினிக்கில் சொல். பேசிக் குணப்படுத்துவதும் இதற்கான வைத்தியம்தான்.

மாலா அண்ணி: சரி அக்கா. தர்ஷி, நாளை காலை ஐந்தரைக்கு ஃபேக்டரி ரோட்டில் நடப்போமா?

அம்மா: மேல் மலைப் பக்கம் போகாதீர்கள், டர்பன்டைன் மரத்தில் குளவிக் கூடு இருக்கிறது.

பெரியம்மா: என்னையும் எழுப்பு மாலா. முழங்கால் வலி, மெதுவாகத்தான் வருவேன்.